அம்பேல்

சாட்சிக் கூண்டில் தேசப்பன்.
காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் பார் உடைப்பவன்.
வேண்டாம் என்று டவாலி சொல்லியும்
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

பாளையம் எங்கே என்று கேட்டார் வக்கீல்.
"அவனா? அவன் அன்னிக்கே அம்பேல் சார்."

தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் இறக்குவது என் வேலை.
பாரிமுனை சிவில் கோர்ட், மூன்றாம் மாடி,
பத்தொன்பது வருஷம்.
கஸ்மாலத்தை இறக்கியிருக்கிறேன்.
பேமானியை, சோமாரியை, அலுங்காமல்.
சாவுகிராக்கிக்கு மட்டும் ஒருமுறை அரைப் பக்கம் பிடித்தது.
இதற்கு விரல் நின்றுவிட்டது.

ஓடிப்போனான் என்று அடித்தால்
பாளையம் எங்கோ பீடி குடித்துக்கொண்டிருக்கிறான்,
சுகந்தியின் மனு தள்ளுபடி.
செத்துப்போனான் என்று அடித்தால்
ஏழு வருஷக் கணக்கு நேராகும்,
அவன் பேரில் இருக்கும் ஹவுசிங் போர்டு வீடு
அவள் பேருக்கு வரும்.
குறுக்கே நிற்பவன் அவன் அண்ணன்.

நீதிபதிக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம்.
"அப்படின்னா என்னய்யா?"
"அம்பேல்னா... அம்பேல்தான் சார்."

சுகந்தியின் வக்கீல் எழுந்தார்:
கிரிக்கெட்டிலிருந்து வந்த சொல், கனம் நீதிபதி அவர்களே.
ஸ்டம்பு மேல் பெயில்ஸ் பறந்தால்
ஆள் அவுட். திரும்பி வர வழியில்லை.
அண்ணனின் வக்கீல் சிரித்தார்:
ஜாமீனில் வந்தவன்
'ஐ ஆம் ஆன் பெயில்' என்று சொன்னது
நாக்கில் தேய்ந்து இப்படி ஆயிற்று.
ஜாமீனில் போனவன் தலைமறைவாகலாம், சாகவில்லை.
சொல்லின் வேர்
அவரவர் கட்சிக்காரர் வீட்டுப் பக்கமாகவே ஓடியது.
அம்பு ஏலாது, மேலே பாயாது, அதான் சார்
என்று என் காதில் முணுமுணுத்தார் டவாலி கோதண்டம்.
ஆதாரம் யாரிடமும் இல்லை.
அகராதியைப் புரட்டினேன்.
அம்புலிக்கும் அம்போதரங்கத்துக்கும் நடுவே
ஆளைக் காணோம்.
அங்கேயும் அம்பேல்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
மின்ட் தெருவில் சீட்டுக் கம்பெனி
ஒரே ராத்திரியில் அம்பேல் ஆனபோது
அம்மாவின் வளையலும் அதோடு போனது.
பிறகு ஒருநாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில்,
உள்ளே போய் விசாரித்து வந்த ஆட்டோக்காரர்
என் அப்பாவைப் பற்றி
இதே சொல்லைத்தான் சொன்னார்.
மீட்டரை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி.
அத்தனை மரியாதையாக அதை நான்
அதற்கப்புறம் கேட்கவில்லை.

யாரும் கூப்பிடாமல் சுகந்தி எழுந்து நின்றாள்.
"ஐயா, சின்ன வயசுல ஓடிப் பிடிக்கிறப்போ
செருப்பு வார் அந்துபூட்டா
கட்டவெரலக் காட்டி அம்பேல் சொல்லுவோம்.
அப்பால யாரும் தொடக்கூடாது.
வார மாட்டிக்கினு திரும்பி வந்து ஆடுவோம்.
அவ்ளோதாங்க."

அவள் வக்கீல் தலையைப் பிடித்துக்கொண்டார்.
அவள் கேஸை அவளே உடைத்துவிட்டாள்.

நீதிபதி பேனாவை மூடினார். "திரும்பி வரலேன்னா?"

"இருட்டுற வரிக்கும் பாப்போம்."
கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே பர்மா பஜார் பக்கம்
ஏதோ பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.
"அப்பால அவன உட்டுட்டு ஆடுவோம்."

நான் மொழிபெயர்க்கவில்லை.
ஐந்து ஆங்கில எழுத்தில் அம்பேல் என்றே அடித்தேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அது அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தது.

அவளையும் கூண்டில் ஏற்றி
சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினோம்.
கையெழுத்து வராது என்றாள்.
மைப்பெட்டியைத் திறந்து வைத்தார் கோதண்டம்.
ஊதா மை ஏறிய கட்டைவிரலைத்
தாளில் வைக்குமுன்
ஒரு கணம்
அப்படியே உயர்த்திப் பிடித்தாள்.

மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
அண்ணன்காரன் உட்பட
அறையில் ஒருவரும் அசையவில்லை.